புதுக்காரும் எக்ஸ்ட்ராக்களும் வீதிவரியும்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் வீட்டுக்கடன் பற்றி ஒருவர் நல்ல விளக்கமாகப் பேசினார். இந்த முறை கார் பற்றிக் கதைக்கும்படி செயலாளர் என்னைக் கேட்டார். நான் பொறியியலாளன் இல்லை. ஊரில் உயர்தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே கார் ஆசனங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். ஆனால் அந்த லைனில் நிற்கிறவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். காரின் பெயர் ஒன்றுதான், வருகிற ஓடர் ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒரு காருக்குச் சாதாரணத் துணி ஆசனம், கையால் இழுத்து முன்பின் நகர்த்துவது. அடுத்த காருக்குத் தோல் உறை, உள்ளே சூடேற்றும் கம்பி, நகர்த்துவதற்கு மோட்டர்கள். இரண்டையும் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். முதுகுக்குத் தெரிகிற அந்தப் பாரம் இப்போது வீதிவரிக்கும் தெரியும். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

எங்கடை ஆட்களில் கனபேர் இப்போது புதுக்கார் எடுக்கிறார்கள். வந்த புதிதில் சில நூறு பவுணுக்குப் பழைய கார் வாங்கி, குளிருக்குள் தள்ளித் தள்ளி ஸ்ரார்ட் பண்ணி வேலைக்குப் போனவர்கள், இப்போது மாதக் கட்டணத்தில் புதுசு எடுக்கலாம் என்று நினைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. சந்தோசப்பட வேண்டிய விஷயம். ஆனால் மாதக் கணக்கில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. "கண்ணாடிக் கூரை போட்டால் மாதம் ஒரு இருபது பவுண்தான் கூட" என்று ஷோறூமில் சொல்லுவார்கள். இருபது பவுண்தானே என்று நாங்களும் தலையாட்டுவோம். பெரிய சில்லு, மினுங்குகிற நிறம், தோல் ஆசனம் என்று ஒவ்வொன்றாக ஏறும். ஒவ்வொன்றுக்கும் உரிய விலையை மட்டும்தான் அந்த நேரம் பார்ப்போம். வீதிவரியில் அது என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் வரி எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். இந்த நாட்டில் 2001 மார்ச் மாதம் தொடங்கி காருக்குரிய வீதிவரியைக் காபனீரொட்சைட்டு எவ்வளவு வெளிவருகிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோமீற்றர் ஓடினால் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. 2017 ஏப்ரல் 1 இல் முறையை மாற்றினார்கள். அன்றிலிருந்து பதியப்படும் புதுக்காருக்கு முதல் வருடம் மட்டும் கிராம் கணக்கு. இரண்டாம் வருடத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே தொகை. பட்டியல் விலை 40,000 பவுணுக்கு மேலே போனால், இரண்டாம் வருடம் தொடங்கி ஐந்து வருடத்துக்கு இன்னொரு தொகை தனியாகச் சேரும். சனம் இதை ஆடம்பரக் கார் வரி என்று சொல்லும். ஆகவே எக்ஸ்ட்ராக்கள் இரண்டு வாசலால் வரிக்குள்ளே வரும். ஒன்று கிராம், மற்றது விலை.

நான் சொல்லப்போகிற தொகைகள் 2025 ஏப்ரலில் தொடங்கிய வருடத்து அட்டவணையில் உள்ளவை. புதிய அட்டவணை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 1 இல்தான் வரும், எங்கடை சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமை முந்தி. தொகை பெரும்பாலும் கூடும், குறைந்து நான் கண்டதில்லை. பஞ்சாங்கம் பார்த்து, வருடப்பிறப்புக்குப் பிறகு நல்ல நாளில் கார் எடுப்பம் என்று இருக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேணும். எந்தத் திகதியில் கார் பதியப்படுகிறதோ அந்தத் திகதிக்குரிய அட்டவணைதான். சுபநேரம் அதற்குத் தெரியாது.

இனிக் கிராம் கதை. முந்தி இருந்த சோதனை முறைக்கு என்.ஈ.டி.சி. என்று பெயர். கிட்டத்தட்ட 20 நிமிடம், 11 கிலோமீற்றர் ஓட்டம். காரை உருளைகளின் மேல் நிறுத்திவைத்து ஓட்டுவார்கள். அந்த முறையில் எக்ஸ்ட்ராக்கள் பெரும்பாலும் கணக்கில் வராது. ஒன்றும் இல்லாத வெறும் காரைச் சோதித்து, அந்த இலக்கத்தையே எல்லாம் பூட்டிய காருக்கும் எழுதிவிடலாம். நடைமுறையில் வீதியில் எரியும் பெற்றோலுக்கும் புத்தகத்தில் இருக்கிற இலக்கத்துக்கும் பெரிய இடைவெளி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குப் பதிலாக வந்ததுதான் டபிள்யு.எல்.ரி.பி. என்ற முறை. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவில் 2014 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2017 செப்ரெம்பரில் புதிய மாடல்களுக்கும், 2018 செப்ரெம்பரில் விற்கப்படும் எல்லாப் புதுக்கார்களுக்கும் வந்தது. இங்கே வீதிவரிக்கு அந்த இலக்கத்தை எடுக்கத் தொடங்கியது 2020 ஏப்ரல் 1 இல். இது 30 நிமிடம், 23 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. வேகமும் கூட, 131 கிலோமீற்றர் மட்டும் போகும்.

ஆனால் எங்களுக்கு முக்கியமான மாற்றம் வேகம் இல்லை. இந்த முறையில் ஒவ்வொரு காருக்கும் தனித்தனி இலக்கம். நீங்கள் ஓடர் பண்ணுகிற அந்தக் காருக்கு, நீங்கள் தெரிந்தெடுத்த சில்லு, கூரை, ஆசனம் எல்லாம் சேர்த்து ஒரு இலக்கம் கணக்கிடப்படும். பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடல், அதே எஞ்சின் எடுத்தாலும் அவருடைய இலக்கம் வேறாக இருக்கலாம்.

ஒவ்வொரு காரையும் உருளையில் ஏற்றிச் சோதிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஒரே எஞ்சின், ஒரே கியர் உள்ள கார்களை ஒரு குடும்பம் என்று வைத்து, அதில் இழுப்பதற்கு ஆகக் கஷ்டமான ஒன்றையும் ஆக இலேசான ஒன்றையும் சோதிப்பார்கள். மற்றவற்றை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டு எடுப்பார்கள். அதனால்தான் விளம்பரப் புத்தகத்தில் இப்போது ஒரு இலக்கம் இராது, "142 தொடக்கம் 153" என்ற மாதிரி இருக்கும். பெரிய எழுத்தில் கண்ணுக்குப் படுகிறது பெரும்பாலும் சின்ன இலக்கம்தான். நாங்கள் எடுக்கிற கார் பெரும்பாலும் பெரிய இலக்கத்துப் பக்கம்தான்.

இடையில் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது மூன்று விஷயம். சைக்கிள் ஓடிய எங்கடை ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, என்றாலும் சொல்லுறன். பின்னுக்குக் கரியரில் ஒரு அரிசி மூட்டை இருந்தால் உழக்கக் கஷ்டம். அது பாரம். ஆனையிறவு வெளியில் எதிர்க்காற்றுக்கு ஓடினால் கஷ்டம். அது காற்றின் தடை. ரயரில் காற்றுக் குறைந்து அமுங்கி உருண்டால் கஷ்டம். அது ரயரின் இழுவை. காருக்கும் இதே மூன்றுதான். எக்ஸ்ட்ரா எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் கிராம் மாறும், தொடாவிட்டால் மாறாது.

அப்படிப் பார்த்தால் மோசமானது பெரிய சில்லுத்தான். 17 அங்குலத்தில் வருகிற காருக்கு 19 அங்குலம் போட்டால் பொதுவாக ரயர் அகலம் கூடும், இழுவை கூடும், பாரமும் கூடலாம், சில்லின் திறந்த வடிவம் பக்கக் காற்றைக் குழப்பும். ஒரே பொருள் மூன்றையும் தொடுகிறது. பாரம் என்று மட்டும் பார்த்தால் திறக்கிற கண்ணாடிக் கூரை, மின்சார ஆசனம், இழுவைக் கொளுக்கி, மேலதிகச் சில்லு எல்லாம் சேரும். இப்போது புதுக்கார்களில் மேலதிகச் சில்லு இல்லாமல், ஓட்டை அடைக்கிற ஒரு போத்தலை மட்டும் தந்து அனுப்புகிறார்களே, அதற்கு ஒரு காரணம் இந்தப் பாரம்தான். நடுச்சாமத்தில் மோட்டர்வேயில் ரயர் வெடித்து நின்றவனுக்கு அந்தப் போத்தலில் நம்பிக்கை வராது. நான் என்றால் சில்லை வாங்கி வைத்திருப்பன். அது என் சொந்த அபிப்பிராயம்.

நிறம், றேடியோ, பின்பக்கக் கமரா இவற்றால் கிராம் கணக்கில் ஒன்றும் பெரிதாக மாறாது. ஆசனச் சூடும் ஏ.சி.யும் பாருங்கோ, சோதனையின்போது அணைத்துத்தான் இருக்கும். ஆகவே அவற்றின் பாரம் கணக்கில் வரும், பாவிப்பு வராது. கியர் ஓட்டோமற்றிக்கா, நாலு சில்லும் இழுக்கிறதா என்பது வேறு கதை. அவை எக்ஸ்ட்ரா மாதிரி விற்கப்பட்டாலும் வேறு குடும்பமாகவே சோதிக்கப்படும், இலக்கத்தில் பெரிய வித்தியாசம் வரலாம்.

சரி, நாலு கிராம் கூடினால் என்ன குடி முழுகிப் போகுமோ? பெற்றோல் கணக்கில் பார்த்தால் இல்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். வருடம் 15,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு நாலு கிராம் என்றால் 60 கிலோ. அது 26 லீற்றர் பெற்றோல். ஒரு முறை பாதித் தாங்கி நிரப்புகிற காசு.

வரிக் கணக்கு அப்படி இல்லை. வரி படிப்படியாக ஏறாமல் மதில் பாய்வது மாதிரிப் பாயும். 2025 அட்டவணையில் 111 கிராமிலிருந்து 130 வரைக்கும் முதல் வருட வரி 440 பவுண். 131 இலிருந்து 150 வரை 540 பவுண். 151 ஆனதும் 1,360 பவுண். 171 ஆனதும் 2,190 பவுண். 191 இலிருந்து 3,300 பவுண். இப்போது ஒரு உதாரணம் வைப்போம். வெறும் கார் 114 கிராம், பெரிய சில்லும் கண்ணாடிக் கூரையும் போட்டு 118 ஆனது. வரியில் ஒரு சதமும் கூடாது. இன்னொரு கார் 148 கிராம், அதே சில்லும் கூரையும் போட்டு 152 ஆனது. 540 பவுண் கட்ட வேண்டிய இடத்தில் 1,360 பவுண். 820 பவுண் கூட, அந்த நாலு கிராமுக்கு. ஆகவே எக்ஸ்ட்ரா போடாதேங்கோ என்று நான் சொல்லவரவில்லை. உங்கடை கார் எந்த மதிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கோ.

இந்த முதல் வருட வரியைக் கையில் தனியாகக் கட்டுவதில்லை. பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட், கொண்டுவந்து சேர்க்கிற செலவு எல்லாவற்றோடும் சேர்த்து, வீதியில் இறக்கும் விலை என்று ஒரே தொகையாக வரும். அதற்குள்ளே ஒளிந்து இருப்பதால்தான் கனபேருக்கு இது தெரியாமல் போகிறது. ஓடர் தாளில் அந்த வரியைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கோ. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த எக்ஸ்ட்ராக்களோடு, இந்த ஓடருக்குரிய டபிள்யு.எல்.ரி.பி. இலக்கம் எத்தனை?" ஷோறூம் கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க, எடுத்துப் பார்க்க அந்த இலக்கம் மாறும். முன்னுக்கு இருந்து பாருங்கோ. இங்கிலிஷ் ஓடாது என்று நினைக்கிற பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை நிறத்தைப் பார்க்கட்டும், நீங்கள் இலக்கத்தைப் பாருங்கோ.

அடுத்தது விலை வாசல். இதில்தான் எங்கடை ஆட்கள் கூட அடிபடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, பெயர் வேண்டாம், 2024 இல் ஒரு கைபிரிட் கார் எடுத்தார். பட்டியல் விலை 39,250 பவுண். விசேட நிறத்துக்கு 600. கண்ணாடிக் கூரைக்கு 900. எல்லாமாக 40,750. பேரம் பேசுவதில் அண்ணை விண்ணன், 2,800 பவுண் குறைப்பித்து 37,950 க்கு எடுத்தார். மகளின் சாமத்திய வீட்டுக்கு அந்தக் காரில்தான் போய் இறங்கினார். அடுத்த வருடம் டி.வி.எல்.ஏ. கடிதம் வந்தது. 195 கட்டுவம் என்று இருந்தவருக்கு 620 பவுண். எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, இவங்கள் எனக்குப் பிழையா அனுப்பிப்போட்டாங்கள் போல. நான் குடுத்தது முப்பத்தெட்டும் இல்லை."

"அண்ணை, நீங்கள் குடுத்த காசை அவை பாக்கிறேல்லை. பட்டியல் விலையைத்தான் பாப்பினம். கழிவுக்கு முந்தின விலை."

"அதுவும் முப்பத்தொன்பதுதானே?"

"நிறமும் கூரையும் அதுக்குள்ளை சேரும் அண்ணை."

அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. பிறகு, "அப்ப கூரையை மூடிவிட்டால் குறைப்பாங்களோ?" என்றார். அந்த ஆள் எந்த நேரமும் பகிடிதான்.

கணக்கு இப்படி. வழமையான வரி 195, ஆடம்பர வரி 425, கூட்டினால் 620. ஐந்து வருடத்துக்கு 425 வீதம் 2,125 பவுண், இடையில் கூடாமல் இருந்தால். கூரையை விட்டிருந்தால் 39,850. ஆடம்பர வரி இல்லை. 900 பவுண் கூரைக்கு 3,025 பவுண். நிறம் காரின் புகையில் ஒரு கிராமும் கூட்டவில்லை, ஆனால் அதுவும் எல்லையைத் தாண்ட உதவிசெய்தது. சட்டத்தின் கண்ணுக்கு நிறமும் ஒன்றுதான் எஞ்சினும் ஒன்றுதான், விலைதான் விலை. இந்த 40,000 என்ற எல்லை 2017 இல் வைத்தது. அதற்குப் பிறகு கார் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த நேரம் அது பணக்காரர்களின் காருக்கு என்று வைத்த கோடு, இன்றைக்குப் பிள்ளைகள் மூன்று, அம்மா அப்பா என்று ஏழுபேர் போகிற குடும்பக் காரே அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. இது நியாயம் இல்லை என்பது என் எண்ணம்.

இதில் தப்புகிற வழி ஒன்று சட்டப்படியே இருக்கிறது. எல்லைக்குள்ளே சேருவது கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பூட்டி வருகிற எக்ஸ்ட்ராக்கள். கார் பதிந்து கைக்கு வந்தபிறகு நீங்கள் வாங்கிப் போடுகிற கால்மிதி, கூரைச் சட்டம், இழுவைக் கொளுக்கி இவையெல்லாம் பட்டியல் விலையையும் மாற்றாது, பதிந்த கிராமையும் மாற்றாது. கண்ணாடிக் கூரையைப் பிறகு பூட்ட முடியாது. கொளுக்கியைப் பூட்டலாம். எது பிறகு பூட்டக்கூடியது என்று பிரித்துப் பாருங்கோ.

மின்சாரக் காருக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு: அதற்குக் கிராம் பூச்சியம், எத்தனை எக்ஸ்ட்ரா போட்டாலும் பூச்சியம். 2025 ஏப்ரலிலிருந்து முதல் வருடம் 10 பவுண், பிறகு மற்றக் கார் மாதிரி வழமையான வரி. அதோடு 2025 ஏப்ரல் 1 இலிருந்து பதியப்பட்ட மின்சாரக் காருக்கும் விலை எல்லை வந்துவிட்டது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், மின்சாரக் காருக்கு மட்டும் அந்த எல்லையை 2026 ஏப்ரலிலிருந்து 50,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். பெரிய சில்லு போட்டால் மின்சாரக் காரில் கிராம் ஏறாது, ஆனால் ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம் குறையும். பாரமும் காற்றும் ரயரும் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும்.

கொம்பனிக் கார் வைத்திருக்கிறவர்கள் இரண்டொருவர் இங்கே இருக்கிறார்கள். உங்களுக்கு இது இன்னும் கூட முக்கியம். சம்பளத்தில் வெட்டுகிற வரி, காரின் விலையையும் கிராமையும் பெருக்கித்தான் வருகிறது, முதல் வருடம் மட்டும் இல்லை, ஒவ்வொரு வருடமும். எக்ஸ்ட்ரா இரண்டு பக்கத்தையும் கூட்டும்.

யூலெஸ் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் முழுவதுக்கும் 2023 ஓகஸ்டில் வந்த அந்தக் கட்டணத்தையும் இதையும் கனபேர் போட்டுக் குழப்புகிறார்கள். அது பார்ப்பது வேறு வகைப் புகையை. யூலெஸுக்குச் சரியான கார் என்பதால் வீதிவரி குறைவு என்று அர்த்தம் இல்லை.

கடைசியாக, பழைய கார் வாங்குகிறவர்களுக்கு. எங்களில் கூடப்பேர் அதுதானே. 2001 மார்ச்சுக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதியப்பட்ட கார் என்றால், முதல் வருடம் மட்டும் இல்லை, கார் சாகும்வரைக்கும் கிராம் கணக்குத்தான். 2025 அட்டவணையில் 120 கிராம் காருக்கு வருடம் 35 பவுண், 121 கிராம் காருக்கு 165 பவுண். அந்தக் காலத்துக் கார்களிலும் பெரிய சில்லுப் போட்ட வகைக்குச் சில கொம்பனிகள் தனி இலக்கம் பதிந்திருக்கின்றன. ஆகவே ஒரே வருடம், ஒரே எஞ்சின் என்று இரண்டு கார் நின்றால் சில்லின் வடிவை மட்டும் பார்த்து எடுக்காதேங்கோ. பதிவுப் புத்தகத்தில், அதுதான் நாங்கள் லொக்புக் என்று சொல்லுறது, வி.7 என்ற இடத்தில் காபனீரொட்சைட்டு இலக்கம் இருக்கும். 2017 க்குப் பிறகு பதிந்த கார் என்றால் அது முதலில் விற்கப்பட்டபோது பட்டியல் விலை 40,000 ஐத் தாண்டியதா என்று கேளுங்கோ. நீங்கள் மூன்று வருடப் பழைய காரை 20,000 க்கு வாங்கினாலும், முதல் சொந்தக்காரர் ஆசைப்பட்டுப் போட்ட கூரைக்கு மிச்ச வருட ஆடம்பர வரியைக் கட்டப் போவது நீங்கள்தான். 2014 ஒக்ரோபரிலிருந்து வரி காரோடு கைமாறுவதும் இல்லை, வாங்கிய அன்றைக்கே உங்கள் பெயரில் கட்ட வேணும். காரின் இலக்கத்தை டி.வி.எல்.ஏ. சேவையில் கொடுத்தால் கிராமும் வரியும் இலவசமாகவே பார்க்கலாம். காசு கொடுக்க முந்திப் பாருங்கோ.

யாராவது ஓடர் தாளோடு வந்தால் பிறகு தேத்தண்ணி நேரத்தில் இருந்து கணக்குப் பார்க்கலாம், கல்குலேற்றர் கொண்டுவந்திருக்கிறேன். எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.